தடுமாறத் தெரியாதவள்

என் அக்காவுக்கு இரண்டு சிறுநீரகங்கள் இருந்தன. அதில் ஒன்றை எனக்குத் தருகிறேன் என்று அவள் சொன்னபோது டாக்டர் சரி என்றார், ரத்தப் பரிசோதனை சரி என்றது, ஸ்கேனும் சரி என்றது. மாட்டேன் என்று சொன்னது ஒரே ஒரு திரை. 'இந்தச் சம்மதம் மனிதருடையது அன்று' என்று அதில் சிவப்பாக எழுத்து ஓடியது. நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் ஆறுமுகநயினார். பாளையங்கோட்டையில் நயினார் சவுண்ட் சர்வீஸ் எங்கே என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். கோயில் கொடை, கல்யாணம், கட்சிக் கூட்டம் எதுவானாலும் ஸ்பீக்கர் என்னுடையதுதான். சத்தத்தை வைத்துப் பிழைத்தவன் என்பதால் மெதுவாகப் பேச எனக்கு வராது. எனவே இந்தக் கதையையும் கொஞ்சம் உரக்கத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் இரண்டு சிறுநீரகங்களும் படுத்துக்கொண்ட பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். தாமிரபரணி ஓடுகிற ஊரில் இருந்துகொண்டு தண்ணீரை அளந்து குடிக்கிற பிழைப்பு. ஊசி ஏற்றுவதற்காக இடது கையில் செய்துவைத்த ரத்தக்குழாய் இணைப்பு அடைத்துக்கொண்டது. வலது கையில் செய்தது ஆரம்பத்திலிருந்தே முரண்டு பிடித்தது. "இதுவும் போச்சுன்னா கழுத்துலதான் டியூப் வைக்கணும் நயினார். அது ரொம்ப காலம் ஓடாது. சீக்கிரம் கிட்னிக்கு வழி பாருங்க" என்றார் டாக்டர். என் மனைவி லெட்சுமிக்குச் சர்க்கரை இருக்கிறது, அவளால் தர முடியாது. பேச்சு முடியும் முன்பே அக்கா சொல்லிவிட்டாள், "எங்கிட்ட எடுத்துக்கோங்க டாக்டர்" என்று.

அக்கா சண்முகவடிவு. ஊருக்கு வடிவு டீச்சர். அரசு வேலைத் தேர்வு எழுதுகிறவர்களுக்குக் கணக்குச் சொல்லித்தருபவள். தென்மாவட்டத்தில் எந்த அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் அவளிடம் படித்த ஒருத்தராவது நாற்காலியில் இருப்பார்கள். எண் புதிர்களில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அதிலும் இலக்கங்களை மாற்றி அடுக்குகிற புதிர் என்றால் அவளுக்கு அல்வா. ஓர் எண்ணைக் கொடுத்து, இதே இலக்கங்களை இடம் மாற்றி இதைவிடப் பெரிய எண்ணாக, ஆனால் அப்படிப் பெரியவற்றில் எல்லாவற்றிலும் சிறியதாக ஒன்றைச் சொல் என்பார்கள். நாமெல்லாம் தலையைப் பிய்த்துக்கொள்வோம். அவளுக்குக் கேள்வி முடிவதற்குள் விடை வந்துவிடும்.

இந்த இடத்தில்தான் அரசாங்கம் உள்ளே வருகிறது.

உறுப்புத் தரகர்கள் அப்போது புது வித்தை கண்டுபிடித்திருந்தார்கள். ஏழைபாழைகளை மிரட்டி அழைத்துவந்து, காதுக்குள் கடுகளவு கருவியைச் செருகி, எந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று இயந்திரத்தை விட்டுச் சொல்லவைத்தார்கள். சம்மத விசாரணையில் அந்த ஜனங்கள் கிளிப்பிள்ளையாக ஒப்பித்தார்கள். அதைத் தடுக்கச் சம்மதச் சோதனை மையங்கள் வந்தன. நல்ல நோக்கம்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை. அங்கே கேள்வி கேட்பது ஆள் கிடையாது. ஒரு கூண்டுக்குள் உட்காரவைத்துத் திரையில் ஓர் எண்ணைக் காட்டுவார்கள். அதை மாற்றி அடுக்க வேண்டும். விடை சரியா தப்பா என்பது முக்கியமே இல்லையாம். கண் எங்கே போகிறது, விரல் எங்கே தயங்குகிறது, எப்படித் தப்பாகப் போட்டுத் திருத்துகிறோம் என்பதைத்தான் பார்ப்பார்களாம். எந்தப் புதிர் வந்தாலும் மனிதன் கொஞ்சம் தடுமாறுவான், இயந்திரம் தடுமாறாது என்பது அவர்கள் கணக்கு.

அக்கா கூண்டுக்குள் போனாள். 27541 என்று திரையில் வந்தது. வந்த வேகத்தில் 41257 என்று அழுத்திவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். வெளியே வந்து, "இம்புட்டுதானா, இதுக்கா இவ்வளவு நேரம் உக்கார வச்சாங்க" என்று என்னிடம் கேட்டாள். அவள் பின்னாலேயே திரை சிவந்தது.

அந்த மையத்தின் அதிகாரி ஹெப்சிபா. அவள் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். "டீச்சர், என்னத் தெரியுதா? ரெண்டாவது பேட்ச். நீங்க இல்லன்னா நான் இந்த சீட்ல இல்ல" என்றாள். எனக்கு உயிர் வந்தது. தெரிந்த பிள்ளை, ஒரு கையெழுத்தில் முடித்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"அப்பச் சரி. டீச்சரை உங்களுக்கே தெரியும். மனுசிதான்னு எழுதிக் குடுத்திருங்க" என்றேன்.

ஹெப்சிபா உட்கார்ந்தாள். "எனக்குத் தெரியும் சார். சிஸ்டத்துக்குத் தெரியணுமே. அதுக்கு மேல கையெழுத்துப் போடுற அதிகாரம் யாருக்கும் கிடையாது."

"ஏம்மா, ஆளு கண்ணு முன்னால நிக்கால்லா."

"நிக்கது அவங்கதான். பதில் சொல்லுதது யாருன்னுதான் கேள்வி. காதுல கருவி இருந்தா இப்படித்தான் சார் வரும்."

"அக்கா காதைப் பாருங்க. கம்மலைத் தவிர ஒண்ணும் கிடையாது."

"இப்பல்லாம் தோலுக்கு அடியிலயே வைக்காங்க சார்."

எனக்குக் குரல் ஏறியது. வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அக்காதான் என் கையைப் பிடித்து அமர்த்திவிட்டு, பாடம் நடத்துகிற நிதானத்தில் கேட்டாள்.

"வேகமாப் போட்டா மெஷினாம்மா? எங்கிட்டப் படிச்ச பிள்ளைங்க எல்லாரும்தான் வேகமாப் போடுவாங்க."

"அவங்க உங்க அளவுக்கு இல்ல டீச்சர். அவங்களும் இடது பக்கத்துலேருந்துதான் பாக்க ஆரம்பிக்காங்க, அப்புறம்தான் ஞாபகம் வந்து வலது பக்கம் போறாங்க. நீங்க எடுத்த எடுப்புலயே வலது ஓரத்துக்குப் போயிட்டீங்க. அப்படிப் பாக்கது மெஷின் மட்டும்தான்."

"அது என் முறைம்மா. நாந்தான் உனக்கு அதைச் சொல்லித் தந்தேன். வலது ஓரத்துலேருந்து வா, இலக்கம் ஏறிக்கிட்டே வரும், எங்க இறங்குதோ அங்க நில்லு. அந்த இலக்கத்தை எடுத்துட்டு, நீ தாண்டி வந்ததுல அதைவிடப் பெருசுல எது சின்னதோ அதை வை. மிச்சத்தைச் சின்னதுலேருந்து அடுக்கு. ஞாபகம் இருக்கா?"

ஹெப்சிபா தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்துச் சொன்னதை மேசையைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"அதுதான் டீச்சர் பிரச்சனை. இணையத்துல உங்க கிளாஸ் வீடியோ எல்லாம் கிடக்குல்லா. தரகருங்க வச்சிருக்க மெஷினு அதைப் பாத்துத்தான் கணக்குப் படிச்சிருக்கு. உங்க கண்ணு போற வழி, கை போற வழி, நடுவுல நீங்க 'ம்' சொல்லுத இடம் வரைக்கும் அப்படியே வச்சிருக்கு. எங்க சிஸ்டம் அந்த மெஷினை அடையாளம் வச்சிருக்கு. இப்ப நீங்க உக்காந்தா அதுதான் வந்து உக்காந்திருக்குன்னு சொல்லுது."

எனக்குப் பேச வந்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது. திருடன் வீட்டுக்குள் புகுந்து அவள் சேலையைக் களவாண்டு கட்டிக்கொண்டு அலைகிறான். போலீஸ் அவளைப் பிடித்து, இது திருடன் கட்டுகிற சேலையாயிற்றே என்று கேட்கிறது. இதைத்தான் நான் ஹெப்சிபாவிடம் சொன்னேன், தெருவுக்கே கேட்கிற மாதிரி. அவள் அழுதுவிட்டாள். அழுது என்ன செய்ய? மூன்று வாய்ப்புகள் உண்டு, அதில் ஒன்று போய்விட்டது, மூன்றும் போனால் வழக்கு காவல்துறைக்குப் போகும் என்று விதியைச் சொல்லி அனுப்பிவைத்தாள். வழக்கு யார் மேல் தெரியுமா? என் மேல். கிட்னிக்காக ஆளை விலைக்குப் பிடித்தவன் நானாம்.

இரண்டாம் முறை அக்கா கெட்டிக்காரத்தனமாக யோசித்தாள். விடை தெரிந்தாலும் உடனே அழுத்தாமல் மனசுக்குள் கந்த சஷ்டி கவசத்தில் பாதியைச் சொல்லிவிட்டு அழுத்தினாள். மறுபடியும் சிவப்பு. விடையைக் கண்டுபிடித்துவிட்டு வெறுமனே காத்திருந்த கண் அது, தேடிய கண் இல்லை என்று திரை சொல்லிவிட்டது. இயந்திரங்களும் இப்படித்தான் பொய்யாகக் காத்திருக்குமாம்.

அந்த வாரம் என் வலது கை இணைப்பும் அடைத்துக்கொண்டது. கழுத்தில் குழாய் வைத்தார்கள். ஒரு தடவை காய்ச்சல் வந்து உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. குழாய் வழியாகக் கிருமி போயிருக்கிறது என்றார்கள். லெட்சுமி வெளியே போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்தாள். அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏலே நயினாரு, நீ கணக்குல எவ்வளவு வாங்குவே?" என்றாள் திடீரென்று.

"இப்ப எதுக்கு அதைக் கேக்கே? பத்தாங்கிளாஸ்ல தட்டுத் தடுமாறிப் பாஸ் ஆனேன். பேப்பர் திருத்துனவருக்கு அன்னைக்கு நல்ல மூடு."

"அதுதான் வேணும். எப்படித் தடுமாறுதேன்னு எனக்குச் சொல்லிக் குடு."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து 58431 என்று எழுதி என் முன்னால் நீட்டினாள். நான் பார்த்தேன். முதல் இரண்டை மாற்றிப் போட்டு 85431 என்றேன். அவள் என் விடையைப் பார்க்கவே இல்லை, என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதல்ல எங்க பாத்தே?"

"அஞ்சைத்தான். எழுத்து அங்கதானே தொடங்குது."

"அப்புறம்?"

"அப்புறம் எட்டு பெருசா இருந்திச்சு. பெரிய நம்பர்தானே கேக்காங்கன்னு அதைத் தூக்கி முன்னால போட்டேன். அப்புறம் உன் மூஞ்சியைப் பாத்தேன், தப்புன்னு தெரிஞ்சுது."

"இது எனக்கு வராது போலிருக்கே" என்றாள். அவள் பயந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அன்று முதல் டயாலிசிஸ் நேரமெல்லாம் இதுதான் வேலை. ரத்தம் ஒரு பக்கம் சுற்றிக்கொண்டிருக்கும், நான் முட்டாள்தனத்துக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருப்பேன். இடது பக்கத்திலிருந்து பார் என்பேன். அவள் கண் வலது பக்கம் ஓடும். தாளின் வலது பாதியைக் கையால் மறைத்துக்கொள்வேன். விரல் விட்டு எண்ணச் சொல்வேன். ஒரு விடையை மனசார நம்பு, நம்பித் தப்பாகப் போடு என்பேன். "தப்புன்னு தெரிஞ்சதை எப்படிலே நம்ப?" என்று கோபப்படுவாள். நர்ஸ் பெண்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, அண்ணாச்சி டீச்சருக்கே டீச்சராயிட்டாங்க என்று கேலி செய்துவிட்டுப் போவார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அவள் போட்ட தப்பு எவ்வளவு தூரம் தப்பு என்று எனக்குத் தெரிந்தால்தானே நல்ல தப்பா, கள்ளத் தப்பா என்று சொல்ல முடியும்? எனவே சரியான விடையை நான் கண்டுபிடித்தாக வேண்டும். அவளே எனக்கு அந்த முறையைச் சொல்லித்தந்தாள். வலது ஓரத்திலிருந்து வா, இறங்குகிற இடத்தில் நில். முதலில் மண்டையில் ஏறவில்லை. கட்டிலில் கிடக்கிறவனுக்கு வேறு என்ன வேலை? போகப் போகப் பிடிபட்டது.

வகுப்புக்குப் போனால் கண் பழையபடி வலது பக்கம் ஓடுகிறது என்று அக்கா டுட்டோரியலுக்கு விடுப்புச் சொன்னாள். கரும்பலகையைப் பார்த்தாலே கை பரபரக்கிறது என்று அந்தத் தெருப் பக்கமே போவதை விட்டாள். வார இதழுக்குப் புதிர் அனுப்புவதையும் நிறுத்தினாள். அவள் இடத்துக்கு வேறு ஒருத்தரைப் போட்டார்கள். பிள்ளைகள் போன் செய்து எப்போது வருவீர்கள் என்று கேட்டார்கள். "தம்பிக்கு ஆபரேஷன் முடியட்டும்" என்று எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள்.

மூன்றாவது முறை நானும் கூட வந்தேன், சக்கர நாற்காலியில். கூண்டுக்கு வெளியே இருக்கிற சின்னத் திரையில் ஹெப்சிபாவும் நானும் பார்த்துக்கொண்டிருந்தோம். 36820 என்று வந்தது. அக்காவின் கண் மூன்றில் நின்றது. அப்புறம் ஆறுக்குப் போனது, எட்டுக்குப் போனது, திரும்பி மூன்றுக்கே வந்தது. விரல்களை மடக்கினாள். நெற்றி வேர்த்தது. நாக்கு நுனியை உதட்டோரத்தில் கடித்துக்கொண்டாள். அது அப்படியே என் பழக்கம், லெட்சுமி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். 38206 என்று அழுத்தினாள். தப்பு என்று வந்ததும் முகம் சுண்டிப்போனது. மறுபடி விரல் விட்டாள். ரொம்ப நேரம் ஆன மாதிரி இருந்தது. 38026 என்று அழுத்தினாள்.

திரை பச்சையானது. 'இந்தச் சம்மதம் மனிதருடையது' என்று எழுத்து ஓடியது. நான் விசில் அடித்தேன். ஹெப்சிபா ஓடிப்போய் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "சூப்பரா நடிச்சிட்டீங்க டீச்சர்" என்று காதோடு சொன்னாள். அக்கா சும்மா தலையாட்டினாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண் விழித்ததும் தண்ணீர் கேட்டேன். அப்புறம் நாள் போகப் போக, "குடிங்க, இன்னும் குடிங்க, நிறையக் குடிங்க" என்று டாக்டரே விரட்டினார். ஒரு செம்பு தண்ணீரை மடமடவென்று குடிக்கிற சுகத்தைக் குடித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கடைக்கு மெல்லப் போக ஆரம்பித்தேன். அக்கா மட்டும் வகுப்புக்குப் போகவில்லை. கேட்டால் தையல் போட்ட இடம் இழுக்கிறது, அடுத்த வாரம் போகிறேன் என்பாள். அடுத்த வாரமும் அதையே சொல்வாள்.

அப்புறம் ஒரு தகவல் வந்தது. உறுப்பு கொடுத்தவர் மறுபடியும், வாங்கியவர் முதல் தடவையாகவும் சோதனைக்கு வர வேண்டுமாம். கொடுத்தவருடைய சம்மதம் நிலைத்திருக்கிறதா, வாங்கியவர் தரகர் இயந்திரத்தை வைத்துப் பதில் சொல்கிறாரா என்று பார்ப்பார்களாம். கேட்டுக்கொள்ளுங்கள். வெட்டி எடுத்து, என் வயிற்றில் வைத்துத் தைத்து, அது வேலை செய்து, நான் நடமாடவும் ஆரம்பித்த பிறகு இன்னும் சம்மதம்தானா என்று கேட்கிறார்கள். இல்லை என்றால் கழற்றிக் கொடுத்துவிட முடியுமா? நான் போக மாட்டேன் என்று குதித்தேன். வாங்கியவர் போகாவிட்டால் மாத்திரை தர மாட்டார்கள் என்று லெட்சுமி சொன்னாள். உடம்பு புதுக் கிட்னியைத் தள்ளிவிடாமல் இருக்க ஆயுசு முழுக்கச் சாப்பிட வேண்டிய மாத்திரை. குதித்த கால் தரைக்கு வந்தது.

அக்கா முதலில் உட்கார்ந்தாள். ஹெப்சிபா மாற்றலாகிப் போயிருந்தாள், வேறு யாரோ இருந்தார்கள். நான் வெளியே இருக்கிற சின்னத் திரையில் பார்த்தேன். 46310. அவள் கண் நாலில் நின்றது. விரல் மடங்கியது. தப்பாக ஒன்று போட்டாள், அழித்தாள், மறுபடி தப்பாகப் போட்டாள். எனக்கே பொறுமை போய்விட்டது. 60134, அழுத்தித் தொலையேன் என்று வாய் வரை வந்துவிட்டது. கடைசியில் ஒருவழியாக அதைக் கண்டுபிடித்து அழுத்தினாள். பச்சை விளக்கு எரிந்தது.

வெளியே வந்தவளிடம், "யக்கா, ஒரு தப்பு போதும்லா. ரெண்டு தப்பு போட்டு ஏன் இம்புட்டு நடிக்கே?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அவள் கைப்பைக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே நின்றாள். "நடிக்கலைலே" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"ஆபரேஷன் முடிஞ்ச அன்னைக்கே தெரிஞ்சுது. கட்டில்ல ஒரு நம்பர் எழுதியிருந்தான். சும்மா பாத்தேன், ஒண்ணும் தோணல. சரி மயக்க மருந்துன்னு நினைச்சேன். வீட்டுக்கு வந்து தெனமும் பாக்கேன். வலது பக்கம் பாத்தா இப்ப எனக்கு வெறும் நம்பராத்தான் தெரியுது. முறை வாயில வருது, கையில வரமாட்டேங்குது. இதை வச்சுக்கிட்டு எந்த மூஞ்சியோட கிளாஸுக்குப் போக?"

"திரும்ப வந்துரும்க்கா."

"வரும், வரும். நீ போ, உன்னைக் கூப்பிடுதாங்க."

கூண்டுக்குள் போய் உட்கார்ந்தேன். 15972 என்று வந்தது. நான் தேடவே இல்லை. கண் தானாக வலது ஓரத்துக்குப் போனது. இரண்டு, ஏழு, ஒன்பது, இறங்கியது ஐந்தில். 17259. விடை பளிச்சென்று எதிரே நின்றது. பத்தாம் வகுப்பில் தட்டுத் தடுமாறிய நயினாருக்கு. அழுத்திவிடலாம், சிவப்பு எரியட்டும், நாலு பேரைக் கூட்டி ஸ்பீக்கர் கட்டி நியாயம் கேட்கலாம் என்று ஒரு வெறி வந்தது. வயிற்றில் தையல் போட்ட இடத்தில் கை வைத்தேன். உள்ளே இருப்பது என்னுடையது இல்லை. அதைப் பணயம் வைக்க எனக்கு உரிமை கிடையாது.

கண்ணை இழுத்து இடது பக்கம் கொண்டுவந்தேன். அக்கா செய்த மாதிரி விரல்களை மடக்கினேன். 17295 என்று தப்பாகப் போட்டேன். உதட்டைக் கடித்தேன். கொஞ்ச நேரம் கழித்துச் சரியானதைப் போட்டேன். அவளுக்கு அவ்வளவு பாடம் எடுத்தவன் ஆயிற்றே, எனக்கு எந்த இடத்தில் எப்படித் தடுமாற வேண்டும் என்று தெரியாதா? பச்சை எரிந்தது. 'நன்றி. நீங்கள் மனிதர்' என்று வந்தது.

ஒரு கிட்னிக்காக என் அக்காவிடம் நான்கு தடவை சம்மதம் கேட்டார்கள். அவளுடைய வகுப்பை எடுத்து இயந்திரத்துக்குப் புகட்டியபோது யாரும் கேட்கவில்லை. அந்த இயந்திரத்தின் பெயரைச் சொல்லி அவளிடம் இருந்ததை அழிக்கவைத்தபோதும் யாரும் கேட்கவில்லை. அவளுடைய அந்த வேகம் இப்போது என்னிடம் கொஞ்சமும் தரகர்களின் இயந்திரங்களிடம் முழுதாகவும் இருக்கிறது. அவளிடம்தான் இல்லை.

மாத்திரைப் பையோடு பஸ் நிறுத்தத்தில் வந்து நின்றோம். எதிரே ஒரு ஆட்டோ நின்றது. நம்பர் பலகையில் 1753. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. சேலைத் தலைப்புக்கு அடியில் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி விரிந்தன. ஆட்டோ கிளம்பிப் போய்விட்டது, அவள் இன்னும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு விடை தெரியும். எங்கள் பஸ் வந்தது. நான் கை காட்டாமல் நின்றேன். அது போய்விட்டது.